சுவரும் மரமும் சேரும் இடம்

தேக்காவின் பழைய கடைவீடுகளில் மாடித்தளத்தைத் தாங்கும் மர விட்டங்களின் முனைகள் செங்கற் சுவர்களுக்குள் செருகப்பட்டிருக்கும். சுவரில் ஈரம் ஏறினால் முதலில் உளுத்துப்போவது அந்த முனைகளே. மேலே பலகை நன்றாகவே தோன்றும்.

இன்று தரைவீட்டின் பின்புறம் மரத்தளம் அமைப்போருக்கும் இதுவே பாடம். வீட்டின் கான்கிரீட் அடித்தளத்தில் பொருத்தப்படும் தாங்குசட்டமே தளத்தின் ஏறத்தாழப் பாதிப் பாரத்தைச் சுமக்கிறது. அதற்கு ஆணி போதாது. நாளடைவில் பிடி தளரும். கான்கிரீட்டில் துளையிட்டு, தூசியை முற்றும் அகற்றிய பின்னரே போல்ட்டைச் செலுத்த வேண்டும். தூசி தங்கினால் பிடிப்பு குறையும். போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி அமைத்தால் மரம் ஒரே கோட்டில் பிளக்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நலம். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வாஷர்களால் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் வடிந்து மரம் காயும்.

அடித்தளத்தின் வலிமையில் ஐயம் இருந்தால், தூண்கள்மீது தனித்து நிற்கும் தளமே சிறந்தது. கம்பத்து மலாய் வீடுகளின் தூண்கள் மண்ணில் புதையாமல் கல்மேல் நின்றதும் ஈரத்துக்கு அஞ்சியே.

இணைப்பின் குறை, விருந்தினர் பலர் ஒருங்கே நிற்கும் நாளில்தான் வெளிப்படும். அதற்கு முன்பே, ஆண்டுக்கொரு முறை குனிந்து தளத்தின் அடியைப் பார்த்துவிடுவோம்.