வேத பாடம்: நாகமான் ஏன் விசாரிக்கவில்லை?

இந்த மாதம் 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

குஷ்டம் நீங்கின சந்தோஷத்தோடு நாகமான் ஊருக்குத் திரும்புகிறான். பின்னாலேயே ஓடி வருகிறான் கேயாசி. தீர்க்கதரிசிகளின் புத்திரர் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், எஜமான் கேட்டனுப்பினார் என்று பொய் சொல்லுகிறான். கேட்டது ஒரு தாலந்து வெள்ளி. நாகமான் கொடுத்தது இரண்டு! எலிசாவிடம் ஒரு ஆளை அனுப்பி விசாரித்திருக்கலாம். ஊழியக்காரர் பெயரைக் கேட்டதும் விசாரிக்கத் தோன்றவில்லை.

போன மாதம் நம் ஏரியூர் சபைச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார்கள். கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்து அனுப்பின பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்தது. "ஐயா, கிரிப்டோவாம். போட்டா மாசம் பத்து பர்சென்ட் நிச்சயமாம். சொன்னவரும் விசுவாசிதான்" என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பயம் தந்தது.

அமெரிக்காவில் கொலராடோவில் ஒரு போதகரும் அவர் மனைவியும் 'இண்டெக்ஸ்காயின்' என்ற நாணயத்தை விசுவாசிகளிடம் விற்றார்கள். கர்த்தர் சொன்னார் என்றே விற்றார்கள். 300-க்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 32 லட்சம் டாலர் வாங்கினதாகவும், அதில் 13 லட்சமாவது சொந்தச் செலவுக்குப் போனதாகவும் 2024 ஜனவரியில் அந்த மாநில அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். அந்தக் காசை விற்பதற்கு இருந்த இடமும் அவர்களே உண்டாக்கினதுதான். அது மூடினதும் வாங்க ஆளில்லை.

நம் தேசத்திலும் 2015-ல் தொடங்கின 'கெயின்பிட்காயின்' இதே மாசம் பத்து பர்சென்ட்தான், 18 மாதத்துக்கு. பிட்காயினாக வாங்கினார்கள், பிறகு தாங்களே உண்டாக்கின வேறொரு காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மதிப்பில்லை. நடத்தினவர் 2018-ல் கைதானார்.

யோசித்துப் பாருங்கள். 2021 நவம்பரில் 69,000 டாலர் பக்கம் போன பிட்காயின், ஒரே வருஷத்தில் 16,000-க்குக் கீழே விழுந்தது. இப்படி ஆடுகிற பொருளில் மாசாமாசம் நிச்சய லாபம் எப்படி வரும்? புதிதாகச் சேருகிறவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்தால்தான் வரும். அதனால்தான் "நாலு பேரைச் சேர்த்து விடுங்க" என்கிறார்கள். சென்னை ஆருத்ரா நிறுவனத்தில் கிரிப்டோவே இல்லை, தங்கத்தின் பெயர். மாசம் 25, 30 பர்சென்ட் என்றதை நம்பி சுமார் ஒரு லட்சம் பேர் 2,400 கோடிக்கு மேல் போட்டார்கள். 2022-ல் வழக்கானது.

"கவர்மென்டே வரி வாங்குதே, அப்போ அனுமதி உண்டுதானே" என்பார்கள். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, உண்மை. வரி வாங்குவது அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல. போனில் ஏறுகிற எண்ணிக்கையும் பணம் அல்ல; எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்க, அப்புறம் தருவோம்" என்கிறவன் திருடனேதான். அங்கே இன்னொரு ரூபாய் கட்டாதேயுங்கள்.

சகோதரியின் பணம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, ஸ்தோத்திரம். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ரசீது, மெசேஜ் எதையும் அழிக்காதேயுங்கள். தனியாகப் பேசத் தயங்குகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாருங்கள், சேர்ந்தே பேசுவோம்.