99.5% அக்யூரசி இருந்தும் வேஸ்ட்!

மெஷின் லேர்னிங் மினி ப்ராஜெக்ட்னா நம்மில் நிறைய பேர் கைவைப்பது மார்பகப் புற்றுநோய் டேட்டாசெட்டில்தான். அக்யூரசியைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டு முடித்துவிடுவோம். ஆனா நிஜ ஸ்கிரீனிங்கில் அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது.

ஸ்கிரீனிங் என்பது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குச் செய்வது. ஒரு கணக்குக்காக, 1000 பெண்களில் 5 பேருக்கு நோய் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் மாடலுக்கும் அக்யூரசி 99.5%. ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்காது! இன்னொரு டெஸ்ட் 5 பேரில் 4 பேரைப் பிடிக்கிறது. ஆனா நோய் இல்லாத 995 பேரில் 10% பேரை, அதாவது சுமார் 100 பேரைத் தவறாகக் கூப்பிடுகிறது. அத்தனை பேருக்கும் பயம், அலைச்சல், சிலருக்கு ஊசிப் பரிசோதனை வேற.

மேமோகிராம்

குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே. மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திப் படம் எடுப்பார்கள். கொஞ்சம் வலிக்கும். ஆனா திசு பரவி, படம் தெளிவாகும். கதிர்வீச்சும் குறைவாகப் போதும். கைக்குத் தட்டுப்படாத கட்டியும் தெரியலாம். சிக்கல் என்னன்னா, படத்தில் கொழுப்பு கருப்பாகவும், அடர்த்தியான திசுவும் கட்டியும் வெள்ளையாகவும் தெரியும். இளம்வயதில் அடர்த்தி அதிகம் என்பதால், பஞ்சு மூட்டைக்குள் வெள்ளை நூலைத் தேடுவது மாதிரிதான். அங்கே அல்ட்ராசவுண்ட் உதவும். பிஆர்சிஏ மரபணு மாற்றம் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐயும் எடுப்பார்கள்.

கையால் பரிசோதனை

மேமோகிராம் மெஷின் எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை சுமார் 1.5 லட்சம் பெண்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு பிரிவினரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று, கையாலேயே பரிசோதித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு விழிப்புணர்வு மட்டும்.

முடிவு 2021-இல் வந்தது. பரிசோதனை செய்த பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே அதிகம் கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30% குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறைந்ததாக நிரூபணமாகவில்லை. கவனிங்க, அவர்கள் அளந்தது அக்யூரசியை அல்ல, மரணத்தை. அதுக்குத்தான் 20 வருடம் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனை செய்துகொள்ளலாம். கட்டி, காம்பில் ரத்தக்கசிவு, தோல் குழிவது என ஏதாவது இருந்தால் அது ஸ்கிரீனிங் விஷயமே இல்லை; உடனே டாக்டரிடம் போகணும். பழைய ரிப்போர்ட் நார்மல் என்றாலும் சரி, வலிக்கலைன்னாலும் சரி.

இன்னிக்கு அம்மாவுக்கு போன் பண்ணும்போது "சாப்டியாம்மா?"வோடு இதையும் கேளுங்க. கூச்சமா இருந்தா, இந்தக் கட்டுரையை ஃபார்வர்ட் பண்ணிட்டாவது கேளுங்க.