பாண்டியில் பிரெஞ்சு சாப்பாடு: எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: எங்கள் திருமண நாளுக்குப் புதுச்சேரி போய், பெரிய ஓட்டலாக இல்லாமல் ஒரு சின்ன பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிட ஆசை. நானும் கணவரும் மீன், கோழி சாப்பிடுவோம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி கிடையாது. மாமியார் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். மெனு கார்டில் பாதிப் பெயர் புரிவதில்லை. 'உப்பு சப்பில்லாமல் இருக்கும், காசுதான் தண்டம்' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படி ஆர்டர் செய்வது?
– ஒரு வாசகி, கல்பாக்கம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். மிளகாயைத் தேடினால் உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னது சரியாகிவிடும். வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை, இறைச்சிச் சாறு இவற்றின் ருசிதான் அங்கே பிரதானம்.

பிரான்சில் ஊருக்கு ஊர் சமையல் வேறு. மதுரைக்கு நல்லெண்ணெய், கொங்குநாட்டுக்குக் கடலெண்ணெய், குமரிக்குத் தேங்காயெண்ணெய் என்று நாம் பிரிப்பது போல, வடக்கே நார்மண்டி, பிரித்தானி பக்கம் வெண்ணெயும் கிரீமும். தென்மேற்கில் வாத்துக் கொழுப்பு. தெற்கே புரோவான்ஸில் ஆலிவ் எண்ணெய். கார்டில் ஒரு பண்டத்தோடு எந்த ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே, தட்டில் என்ன வரும் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில் மாமியாருக்கு. சைவம் போலத் தெரிவதெல்லாம் அங்கே சைவம் இல்லை. வெங்காய சூப்புக்கு வழக்கமாக மாட்டெலும்புச் சாறுதான் அடிப்படை. கீஷ் லொரேன் என்ற, அடுப்பில் சுட்ட பண்டத்தில் முட்டையும் பன்றி இறைச்சியும் உண்டு. பிரித்தானியின் கலெத் என்பது பக்வீட் என்ற தானிய மாவில் வார்த்த மெல்லிய தோசை மாதிரிப் பண்டம். அதன் நடுவே முட்டையும் ஹாமும் வைப்பதுதான் வழக்கம். மரபுப்படி செய்த பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். கிரீம் கேரமல், சாக்லேட் மூஸ் இரண்டிலும் முட்டை இருக்கும்.

பயப்பட வேண்டாம், வழியும் இருக்கிறது. புரோவான்ஸின் ரட்டட்டூய் என்பது கத்தரிக்காய், குடைமிளகாய், சுக்கினி, தக்காளி, வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் பதமாக வேகவைத்தது. முட்டை, பால் எதுவும் இல்லை. தொஃபினே பகுதியின் கிராத்தேன், உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து கிரீமும் பூண்டும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுப்பது. சில இடங்களில் முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 'வெஜ்தானே?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'முட்டை, இறைச்சிச் சாறு, ஜெலட்டின் இருக்கிறதா?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதல் நாளே போனில் சொல்லிவைத்தால் சின்ன உணவகங்களில் தனியாகச் செய்து தருவார்கள்.

உங்கள் இருவருக்கும் கிழக்குக் கடற்கரை மீன்தான் சரி. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் மீனைக் காட்டி, எடைக்கு விலை பேசி, மசாலா தடவிப் பொரித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு முறையில் மெனியேர் என்பது இதற்கு நேர் எதிர். மீனில் உப்பும் மிளகும் போட்டு, மைதாவை லேசாகத் தூவி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டுவார்கள். பிறகு வெண்ணெயைப் பழுப்பேறும் வரை காய்ச்சி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, பார்ஸ்லி தூவி மேலே ஊற்றுவார்கள். மீன் புதிதாக இல்லையென்றால் இதில் மறைக்கவே முடியாது. அதனால் மீனின் பெயரைக் கேட்பதற்கு முன், 'இன்றைக்கு வந்த மீன் எது?' என்று கேளுங்கள். கொடுவா கிடைத்தால் விடாதீர்கள். முழு மீனாக வந்தால் நடுமுள்ளை ஒட்டிக் கத்தியால் கீறி, மேல்சதையை இருபக்கமும் தள்ளி எடுங்கள். முள் தனியாக வந்துவிடும்.

பூர்கோன் பகுதியின் பொஃப் பூர்கின்யோன் மாட்டிறைச்சி, தவிர்த்துவிடுங்கள். கோக் ஓ வேன் கோழிதான், ஆனால் சிவப்பு ஒயினில் வெந்தது, வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகளும் சேரும். வேண்டாமென்றால் அடுப்பில் சுட்ட கோழி கேளுங்கள்.

இனி வரிசை. ஆந்த்ரே என்றால் முதலில் வரும் சின்னத் தட்டு, அடுத்தது பிளா, அதாவது முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. எல்லாம் ஒன்றாக வராது. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பிரெஞ்சுக்காரர்களின் இந்த விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. சமையலறையில் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள் என்பதால் தாமதமும் ஆகும்; பசியோடு போய் உட்கார்ந்து சர்வரைக் கோபிக்காதீர்கள். ரொட்டியைக் கையால் பிய்த்து, தட்டில் மிஞ்சிய சாஸைத் துடைத்துச் சாப்பிடுவதில் கூச்சம் வேண்டாம்.

செலவைக் குறைக்க வழி: ஆந்த்ரேயை ஒன்று வாங்கிப் பங்கிடுங்கள், பிளா ஆளுக்கு ஒன்று. இறால், சிங்கி இறாலுக்கு விலை போடாமல் விட்டிருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஊருக்குத் திரும்பும்போது மது பாட்டில் வாங்கிவர வேண்டாம். எல்லையில் சோதனை உண்டு.

பல சமையலறைகள் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடியிருக்கும். ஒரு மணிக்குள் போய்ச் சேருங்கள். காலையிலேயே கிளம்பினால் வழியில் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை அது. பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் ஊர்ப் பக்கம் வரை வந்தவர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

முதல் தடவைக்கு என் சிபாரிசு: மாமியாருக்கு ரட்டட்டூயும் ரொட்டியும், உங்களுக்குக் கொடுவா மெனியேர், கணவருக்குச் சுட்ட கோழி, கடைசியில் மூவருக்கும் பழ சோர்பே, அதாவது பழச்சாற்றை உறையவைத்த ஐஸ். அதிலும் முட்டை வெள்ளைக்கரு இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.