கனெக்ஷன் சமம், வேலை சமமா?

நம்பிக்கை: ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்கள் (நோடுகள்) சேர்ந்து இயக்கும் ஆரக்கிள் ராக் கிளஸ்டரில் ஒவ்வொரு நோடிலும் ஒரே அளவு கனெக்ஷன் இருந்தால், சுமையும் சமமாகப் பிரிந்துவிட்டது.

உண்மை: கனெக்ஷன் கோரிக்கையை வரவேற்கும் லிஸனர், அதை எந்த நோடுக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது ஒரே ஒரு முறைதான், கனெக்ஷன் கேட்டு வரும் அந்த நொடியில். பிறகு செஷன் விழுந்த நோடிலேயே கிடக்கும். இரு நோடுகளிலும் நூறு நூறு செஷன் இருக்கலாம். ஒரு பக்கம் நூறும் சும்மா காத்திருக்க, மறுபக்கம் நாலே செஷன் மாதக் கடைசி அறிக்கைக்காக சிபியுவைக் குடித்துக்கொண்டிருக்கலாம். செஷனை எண்ணிவிட்டு 'எல்லாம் சரி' என்பவர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொரு சர்வீஸும் எந்த நோடில் எவ்வளவு டிபி டைம் (டேட்டாபேஸ் வேலை நேரம்) செலவழிக்கிறது என்று பார்த்தீர்களா என்பதுதான்.

பேட்ச் போட்ட மறுநாள் இது அப்பட்டமாகத் தெரியும். பேட்சுக்காக நிறுத்திய நோடு எழுந்துவிடும். அதிலிருந்து போன செஷன்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை. அப்ளிகேஷனின் கனெக்ஷன் பூல், பழைய கனெக்ஷன்களை நாள்கணக்கில் விடாமல் பிடித்திருக்கும். ஒரு நோடு மூச்சுத் திணற, புதிதாக எழுந்தது காலியாகவே நிற்கும். பூலில் கனெக்ஷனுக்கு ஆயுள் வரம்பு வையுங்கள். ஆரக்கிளின் யூசிபி பூல் என்றால் இன்னும் மேல்: நோடுகளின் நிலை, சுமை பற்றி கிளஸ்டர் அனுப்பும் ஃபேன் செய்திகளைக் கேட்டு, கனெக்ஷனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எந்த நோடு என்று அது தேர்ந்தெடுக்கும். அதற்கு, எதை வைத்துச் சுமையைப் பிரிப்பது என்று சொல்லும் ரன்டைம் கோலை சர்வீஸில் அமைத்திருக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

நம்பிக்கை: கிளஸ்டர் முழுவதற்கும் பொதுவான ஸ்கேன் பெயருக்கு மூன்று ஐபி இருக்கிறது, டிஎன்எஸ் அவற்றைச் சுழற்றித் தருகிறது, வேறென்ன வேண்டும்?

உண்மை: 2009-இல் 11ஜி ரிலீஸ் 2-உடன் வந்த ஸ்கேனில், டிஎன்எஸ் சுழற்சி தீர்மானிப்பது எந்த லிஸனரின் கதவைத் தட்டுவது என்பதை மட்டுமே. எட்டு நோடு இருந்தாலும் ஸ்கேன் லிஸனர் வழக்கமாக மூன்றுதான். சர்வீஸைத் தரும் நோடுகளில் சுமை குறைந்ததைப் பார்த்து அந்த லிஸனரே அங்கு அனுப்பிவைக்கும். ஒரு நோடில் ரிமோட் லிஸனர் அமைப்பு தவறினால், அந்த நோடு இருப்பதே ஸ்கேன் லிஸனருக்குத் தெரியாது.

நம்பிக்கை: எந்த வேலையையும் எல்லா நோடுகளுக்கும் பரப்புவதே நல்லது.

உண்மை: இல்லை. வரிசை எண்ணைச் சாவியாகக் கொண்ட டேபிளில் இரு நோடுகளும் ஒரே நேரத்தில் புதிய பதிவுகளைச் சேர்த்தால், இன்டெக்ஸின் கடைசி பிளாக்குக்கு இரண்டும் போட்டி போடும். நோடுகளை இணைக்கும் இன்டர்கனெக்ட் வழியே பிளாக் இங்கும் அங்கும் அலையும், ஒவ்வொரு அலைச்சலுக்கும் காத்திருப்பு. இப்படிப்பட்ட தொகுப்பு (batch) வேலைக்குத் தனி சர்வீஸ் உருவாக்கி, ஒரு நோடை 'பிரிஃபர்டு' என்றும் இன்னொன்றை 'அவைலபிள்' என்றும் வையுங்கள். முதல் நோடு விழுந்தால் சர்வீஸ் அடுத்ததில் எழும்.