டேட்டாபேஸில் 'பெண்டிங்_வார்டன்', அம்மா போனில் என்ன?

ஹாஸ்டல் அவுட்பாஸ் ஆப் ஒன்று செய்கிறீர்கள் என்று வையுங்கள். மினி ப்ராஜெக்ட்டுக்கு வகுப்பில் நாலு டீமாவது அதைத்தான் எடுக்கும். ஸ்டேட்டஸ் காலத்தில் 'பெண்டிங்_வார்டன்', 'அப்ரூவ்ட்', 'ரிஜெக்டட்' என்று வைத்திருப்பீங்க. கோடுக்கு அது சரி. ஆனா பையனோட அம்மா லிங்க்கைத் திறந்தா அதே 'பெண்டிங்_வார்டன்' அண்டர்ஸ்கோரோட வந்து நிக்கும். வெள்ளிக்கிழமை அவன் பஸ் ஏறலாமா கூடாதா? அவங்களுக்குத் தெரிய வேண்டியது அது மட்டும்தான்.

சேமிக்கிற மதிப்பு வேறு, காட்டுகிற லேபிள் வேறு. ஜாங்கோவில் 3.0-இல் வந்த டெக்ஸ்ட்சாய்சஸ் இதைத் தனியாகவே பிரிச்சு வைக்குது. டெம்ப்ளேட்டில் ஸ்டேட்டஸ் என்று நேரடியாகப் போட்டால் மதிப்பு வரும். கெட்_ஸ்டேட்டஸ்_டிஸ்ப்ளே என்று போட்டால் லேபிள் வரும். லேபிளை நீங்க எழுதலைன்னா, மெம்பர் பெயரில் அண்டர்ஸ்கோரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிசாக்கி ஜாங்கோவே ஒன்று செய்துகொள்ளும். அப்போ ஆன் டியூட்டிக்கு நாம போடுற 'ஓ.டி.'யில் 'டி' சின்ன எழுத்தாகிவிடும், பார்க்க என்னவோ மாதிரி இருக்கும். ஆகவே லேபிளைக் கையால் எழுதுங்க.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் ஆப் என்றால் கெட்டெக்ஸ்ட் வேண்டாம், கெட்டெக்ஸ்ட்_லேசி வேண்டும். மாடல் கிளாஸ் சர்வர் கிளம்பும்போது ஒரே ஒரு முறைதான் லோடு ஆகும். சாதா கெட்டெக்ஸ்ட் அந்த நொடியிலேயே செட்டிங்ஸில் உள்ள மொழியில் லேபிளை உறைய வைத்துவிடும். பயனர் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது மாறாது. லேசி, பக்கம் உருவாகும் நேரம் வரை காத்திருக்கும்.

நிஜமான சிக்கல் இதற்கப்புறம்தான். ஆங்கிலத்தில் 'அப்ரூவ்ட்' என்ற ஒரே சொல் விண்ணப்பத்துக்கும் பொருந்தும், புதுசா ரெஜிஸ்டர் பண்ணின ஆளுக்கும் பொருந்தும். தமிழ் அப்படி விடாது. விண்ணப்பம் 'அனுமதிக்கப்பட்டது'. ஆள் 'அனுமதிக்கப்பட்டார்'. கெட்டெக்ஸ்ட்டுக்கு ஆங்கிலச் சொல்லேதான் சாவி, அதனால் இரண்டும் ஒரே வரியில் போய் மோதும். யாராவது ஒருத்தர் அஃறிணை ஆகிடுவார்! இதற்காகவே பிகெட்டெக்ஸ்ட்_லேசி இருக்கு. அதில் 'அவுட்பாஸ்', 'பயனர்' மாதிரி ஒரு சூழல் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் பிஓ ஃபைலில் தனித்தனி வரியாக வரும்.

என்ன எழுதுவது என்பதும் முக்கியம். 'நிலுவையில் உள்ளது' என்பது அரசாணை வாசனை. 'வார்டன் இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதினால் அடுத்து யாரைப் போய்ப் பார்க்கணும்னும் சேர்த்தே தெரியும்.

லேபிளை வைத்து இஃப் எழுதாதீங்க. லேபிள் 'அப்ரூவ்ட்' என்றால் பச்சை என்று எழுதிவிட்டு, மொழியைத் தமிழுக்கு மாற்றினால் பச்சை காணாமல் போகும். நிறம், ஃபில்டர், ஏபிஐ எல்லாத்துக்கும் மதிப்புதான். எண்களாகச் சேமிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெயில்ஸில் ஈனமை அர்ரேயாகக் கொடுத்துவிட்டு நடுவில் புதுசா ஒன்றைச் செருகினால், பின்னால் இருப்பதெல்லாம் ஒரு எண் தள்ளிப்போகும். நேற்று அனுமதித்தது இன்று வேறொன்றாகத் தெரியும்.

பழைய மதிப்பைச் சாய்சஸிலிருந்து அழித்துவிடாதீங்க. பட்டியலில் இல்லாத மதிப்பு டேட்டாபேஸில் இருந்தால் கெட்_ஸ்டேட்டஸ்_டிஸ்ப்ளே சத்தமே போடாமல் அந்தக் கச்சா மதிப்பையே திருப்பிக் கொடுக்கும். மறுபடி அந்த அண்டர்ஸ்கோர்தான். அப்புறம், ஆங்கில லேபிளைத் திருத்திவிட்டு மேக்மெசேஜஸ் ஓட்டினால் பழைய தமிழ் வரி சில சமயம் 'ஃபஸி' என்ற குறியோடு ஒட்டிக்கொண்டு வரும். கம்பைல்மெசேஜஸ் அதைத் தாண்டிப் போய்விடும், திரையில் ஆங்கிலம்தான் வரும். வரியைச் சரிபார்த்து, குறியை எடுத்துவிட்டு, திரும்ப கம்பைல் பண்ணி சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுங்க.