முதல் வில்லைத் தெரிதல்

மீனக்கொடி பறந்த மதுரையில் வில்லைப் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். வில்லைச் சின்னமாகக் கொண்டவர் சேரர். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவனென வன்பரணர் புறநானூற்றிற் பாடிய வல்வில் ஓரியோ கொல்லிமலைத் தலைவன். எனினும் கோரிப்பாளையத்திலும் வில் பயில விழையும் மாணவர் உளர். “முதலில் எவ்வில்லை வாங்குவது?” என அவர் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடையாகவே இச்சிறு கட்டுரை வரையலாயிற்று.

ஈண்டுக் கூறப்புகுவது ரிகர்வ் எனப்படும் வில். இதன் இரு நுனிகளும் எய்வோனுக்கு அப்புறமாக எதிர்வளைந்திருக்கும். நாணை இழுக்குங்கால் அவ்வளைவு நிமிர்ந்து விசையைச் சேமிக்கும். விடுங்கால் அவ்விசை அம்பிற்கு விரைவாகும். மரம், கொம்பு, தசைநார் ஆகியவற்றை ஒட்டி ஆசிய நாட்டார் பண்டே இத்தகைய வில் செய்தனர். இக்காலத்தில் மரத்தகடுகளையும் கண்ணாடி இழையையும் ஒட்டிச் செய்வர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவு எய்யப்படுவதும் இவ்வகை வில்லினாலேயே. ஆயின் அதிற் குறிநோக்கும் கருவியும் அதிர்வை அடக்குங் கோல்களும் பொருத்தப்படும். மரபு முறையில் இவை யாதுமில. கண்ணும் கையும் பழக்கமுமே துணை.

முதலாவது ஆராயத்தக்கது இழுவிசை. வில்லின்மேற் பொறித்த பவுண்டுக் கணக்கு, நாணை 28 அங்குலம் இழுக்குங்கால் உள்ள விசையைக் குறிக்கும். ஓர் அங்குலம் குறைய ஏறக்குறைய 2 பவுண்டு குறையும், கூடின் கூடும். இவ்விடத்து யான் செய்த பிழையை மறையாது கூறுகின்றேன். ஓரியின் புகழை உள்ளத்திற்கொண்டு, 45 பவுண்டு வில்லொன்றை முதற்கண்ணே வாங்கினேன். முழுதும் இழுக்குமுன்னரே தோள் நடுங்கிற்று. நடுக்கத்தை மறைக்க விரைந்து விட்டேன். விரைந்து விடுதலே பழக்கமாயிற்று. தோள்நோவு சில திங்களில் நீங்கியது. அப்பழக்கத்தை நீக்கவோ ஆண்டுகள் சென்றன. ஆதலின், வளர்ந்தோர் 20 முதல் 25 பவுண்டு வரையும், இளையோர் அதனினும் குறைவாகவும் கொள்க. வில்லை முழுதும் இழுத்துப் பத்து எண்ணுமளவும் நடுக்கமின்றி நிறுத்தி, மெல்ல மீட்க இயலுமாயின் அஃது உமக்கேற்ற வில். அம்பின்றி நாணை வெறிதே விடுதல் ஒருகாலும் ஆகாது. அம்பு கொள்ளவேண்டிய விசையை வில்லே தாங்கி முறியும்.

இரண்டாவது, நீளம். இரு கைகளையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுக்க. 170 சென்டிமீட்டர் எனின், ஈவு 68. அஃதாவது ஏறக்குறைய 27 அங்குலம். இதுவே உமது இழுப்பளவு. இவ்வளவினர்க்கு 66 அங்குல வில் இனிது பொருந்தும். மிகக் குறுகிய வில்லில் நாண் கூர்ங்கோணமாக மடிந்து விரல்களை நெருக்கும். அம்பு, இழுப்பளவினும் ஓரிரு அங்குலம் நீண்டிருத்தல் வேண்டும். குறுகிய அம்பு பின்னே நழுவிக் கையைத் துளைக்கக்கூடும்.

மூன்றாவது, கண். உள்ளங்கைகளாற் சிறு துளை அமைத்து, தொலைவிலுள்ள கோபுரக் கலசமொன்றை இருகண்ணாலும் நோக்குக. பின் ஒவ்வொரு கண்ணாக மூடுக. எக்கண் திறந்திருக்குங்கால் கலசம் துளையில் நிற்கின்றதோ அதுவே தலைமைக் கண். அது வலக்கண்ணாயின் நாணை வலக்கையால் இழுக்கும் வில்லும், இடக்கண்ணாயின் இடக்கையால் இழுக்கும் வில்லும் கொள்க.

நான்காவது, அமைப்பு. பிடி வேறு, இரு புயங்கள் வேறாகக் கழற்றத்தக்க வில்லே தொடங்குவோர்க்குச் சிக்கனமானது. வலிமை வளர வளரப் புயங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய வில்லாயின், ஒரு நுனியிலிருந்து நெடுக நோக்குக. நாண் இரு புயங்களையும் நடுவே பகுத்துச் செல்லல் வேண்டும். விலகின் புயம் முறுக்குண்டது என்றறிக. வெடிப்பிருப்பின் விலை எத்துணைக் குறைவாயினும் விலக்குக. அம்பு வில்லின் பிடிமேலேயே ஊர்ந்து செல்லுமாதலின் அதற்கு இறகே ஏற்றது. பிளாஸ்டிக் தகடு பிடியில் உராய்ந்து அம்பை விலக்கும். நாணேற்றுதற்குரிய கயிறு, முன்கைக் காப்பு, விரலுறை என்பவற்றிற்கும் பணம் ஒதுக்குக. நம்மூர்ச் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் வில்லை விட்டுவைத்தல் கேடு. வெப்பத்தால் ஒட்டு நெகிழும்.

நண்பர்களே, வலிய வில்லை வாங்குதல் எளிது, பணமிருப்பின் போதும். மெலிய வில்லை அடக்கத்துடன் ஏற்று நாள்தோறும் பயில்வதே அரிது. வில்லுக்கேற்ப நம்மை வருத்திக்கொள்ளாது, நமக்கேற்ற வில்லைத் தெரிந்து, வல்லார் ஒருவர் மேற்பார்வையில் தொடங்குவோமாயின், தோளும் காக்கப்படும். இலக்கும் நாளடைவில் நம் வயப்படும்.