மேலாண்மைக் கல்வியும் அறநோக்கும்

வணிக மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பயிலும் மாணாக்கர்க்கு அறவுணர்வையும் சமுதாயப் பொறுப்பையும் ஊட்ட வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வாறு ஊட்டுவது என்பதே சிக்கல். நல்லுரைகளை மிகுதியாகக் கேட்டவர் நல்லவராய் நடப்பர் என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கை எத்துணை வலுவற்றது என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு காட்டும்.

டென்னிஸ் ஜியோயா என்பார் 1972இல் ஃபோர்டு கார் நிறுவனத்தில் பணியேற்ற எம்.பி.ஏ. பட்டதாரி. வியட்நாம் போரை எதிர்த்து நின்ற தலைமுறையினர்; பெருநிறுவனத்தை உள்ளிருந்தே திருத்தலாம் என்னும் எண்ணத்தோடு சென்றவர். மறு ஆண்டே, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுவது பற்றிய பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்நாளில் ஃபோர்டு விற்றுவந்த பிண்டோ என்னும் சிறிய காரில் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருந்தது. பின்புறம் வேறொரு வண்டி மோதினால், வேகம் மிகுதியாக இல்லாதபோதும், தொட்டி கிழிந்து தீப்பற்றும் இடர் அதில் இருந்தது. எரிந்து கருகிய பிண்டோ ஒன்றை ஜியோயா தம் கண்ணாலேயே கண்டார். கண்ட பின்னரும், அவ்வண்டியைத் திரும்பப் பெற வேண்டியதில்லை என்றே உடன் பணியாற்றியோருடன் சேர்ந்து வாக்களித்தார். அவர் கயவர் அல்லர். தாமும் ஒரு பிண்டோவையே ஓட்டினார். பின்னர் அதனைத் தம் உடன்பிறந்தாளுக்கே விற்றார். இடரை உணர்ந்த எவரேனும் அவ்வாறு செய்வரோ?

பிற்காலத்தில் மேலாண்மைப் பேராசிரியரான அவர், 1992இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் தம்மைத் தாமே கூறுபோட்டுப் பார்த்தார். அவருடைய மேசைக்கு வந்த கோப்புகள் பல. எக்குறைபாடு அடிக்கடி நேர்கிறது, எதற்குத் தெளிவான காரணம் புலப்படுகிறது என்று விரைந்து பிரித்தறிய அலுவலகம் அவரைப் பழக்கியிருந்தது. பிண்டோ தீவிபத்துகள் எண்ணிக்கையிற் சிலவே. ஆகவே அக்கோப்பு மற்றவற்றோடு ஒன்றாய்க் கடந்து சென்றது. அறத்தையும் இலாபத்தையும் நிறுத்துப் பார்த்து இலாபத்தை அவர் தேர்ந்தார் என்பதற்கில்லை. நிறுக்க வேண்டிய பொருள் ஒன்று தம்முன் இருந்ததே அவர்க்குத் தோன்றவில்லை. 1978இல் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவ்வாண்டே இந்தியானா மாநிலத்தில் பிண்டோ ஒன்று தீப்பற்றி இளம்பெண்கள் மூவர் உயிரிழந்தனர். அதன்பொருட்டு நிறுவனத்தின்மீதே குற்ற வழக்குத் தொடரப்பட்டது. 1980இல் குற்றமற்றது எனத் தீர்ப்பாயிற்று.

நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகர்க்கு அறம் வகுத்திருப்பதை நாம் அறிவோம். அறிந்திருத்தல் வேறு, கோப்பைப் புரட்டும் வேளையில் அது நினைவுக்கு வருதல் வேறு. எனவே, வாரம் ஒருமுறை தனிப்பாடமாக அறத்தைக் கற்பிப்பதைக் காட்டிலும், செலவுக் கணக்கு, விற்பனை, உற்பத்தி ஆகிய பாடங்களின் உள்ளேயே அதனை வைப்பது பயன் தரும் என்பது என் துணிபு. 2009இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர் சிலர் மருத்துவரைப் போல மேலாளரும் உறுதிமொழி ஏற்க வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினர். போற்றத்தக்கதே. ஆயினும் பட்டமளிப்பு நாளில் ஏற்ற உறுதிமொழி, பணியில் அமர்ந்தபின் ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் துணைக்கு வருமா என்பது ஐயமே.

நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இதனால் மாணவரிடையே ஒரு மயக்கம் எழுவதைக் காண்கிறோம். சமுதாயப் பொறுப்பு என்றாலே பள்ளிக்கூடம் கட்டித் தருவது, மரம் நடுவது என்று எழுதிவிடுகின்றனர். எஞ்சிய 98 விழுக்காடு எவ்வாறு ஈட்டப்பட்டது என்று கேட்பாரைக் காணோம். பிண்டோ எழுப்பும் வினா ஈட்டுதலைப் பற்றியதே.

வகுப்பில் வைத்து ஆராயத்தக்க கணக்கும் ஒன்று உண்டு. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் கசியாதிருக்கச் செய்யும் திருத்தத்திற்கு வண்டி ஒன்றுக்கு 11 டாலர். ஒரு கோடியே 25 இலட்சம் வண்டிகளுக்கு ஏறத்தாழ 13 கோடியே 70 இலட்சம் டாலர். தவிர்க்கப்படும் 180 இறப்பு, 180 தீக்காயம், 2,100 வண்டிகள் ஆகியவற்றின் மதிப்போ 4 கோடியே 95 இலட்சம் டாலர். ஃபோர்டு அரசுத் துறைக்கு அளித்த கணக்கு இது. இது பிண்டோவுக்கென்றே போடப்பட்டது எனப் பலர் எழுதுவது பிழை. ஓர் உயிருக்கு 2 இலட்சம் டாலர் என்னும் மதிப்பும் அரசுத் துறையே வகுத்ததுதான். இக்கணக்கை மாணவரிடம் கொடுத்தால் பெருக்கலையும் கூட்டலையும் சரிபார்த்து, திருத்தம் வேண்டா என்று முடிவெழுதுவர். முழு மதிப்பெண்ணும் பெறுவர். அந்த 180 பேரும் இவ்விலைக்கு எப்போது இசைந்தனர் என்று விடைத்தாளின் ஓரத்தில் ஒரு மாணவர் எழுதியிருந்தால், அதற்கு மதிப்பெண் வழங்க நம் வினாத்தாளில் இடம் இருக்கிறதா?